ஸ்டென்ட் வைத்தவர் கப்பிங் செய்துகொள்ளலாமா?

கடலூர் முதுநகரில் தையல் கடை வைத்திருக்கும் 54 வயது வாசகர் கேட்கிறார்: "பல வருடமாக இடுப்பு வலி. பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் கப்பிங் (தோலில் கப் வைத்து உறிஞ்சும் சிகிச்சை) முகாம் போட்டிருக்கிறார்கள். ஏழு தடவை வந்தால் கெட்ட ரத்தமெல்லாம் வெளியேறிவிடுமாம், இன்றே முன்பணம் கட்டினால் தள்ளுபடியாம். போன வருடம் இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்கும் கம்பி வலை) வைத்தார்கள். அதற்காகச் சாப்பிடும் மாத்திரையை இரண்டு நாள் நிறுத்திவிட்டு வரச் சொல்கிறார்கள். போகலாமா?"

மாத்திரையை நிறுத்தாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

ஸ்டென்ட் வைத்தவருக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் கொடுப்பது அந்தக் கம்பி வலைக்குள் ரத்தம் உறைந்து அடைக்காமல் இருக்கத்தான். நீங்களாக நிறுத்தினால் மாரடைப்பே வரலாம். சரி, இரண்டு நாள் நிறுத்தினால் ரத்தக் கசிவாவது குறையுமா என்றால் அதுவும் இல்லை. இந்த மாத்திரைகளின் வேலை உடம்பில் ஐந்து நாளுக்கு மேலும் நீடிக்கும். ஆக, கீறினால் ரத்தம் நிற்கவும் தாமதமாகும், ஸ்டென்டுக்கும் காவல் குறையும். இதய வால்வு மாற்றியவர்கள் ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் வார்ஃபரினுக்கும் இதே எச்சரிக்கைதான். நிறுத்தச் சொல்லும் உரிமை உங்கள் இதய மருத்துவருக்கு மட்டும்தான், மைக் பிடித்து டோக்கன் கொடுப்பவருக்கு இல்லை.

கப்பிங்கில் இரண்டு வகை. கப்பை வைத்துக் காற்றை உறிஞ்சிச் சில நிமிடம் விட்டு எடுப்பது உலர் கப்பிங். 2016 ரியோ ஒலிம்பிக்கில் நீச்சல் வீரர் ஃபெல்ப்ஸின் தோளில் தெரிந்த வட்டத் தழும்புகள் கப்பிங்கால் வந்தவைதான். ஒன்றிரண்டு வாரத்தில் மறைந்துவிடும். தோலைக் கீறி ரத்தம் எடுப்பது ஹிஜாமா. யுனானியில் உண்டு, நம் சித்த மருத்துவத்திலும் குருதி வாங்கல் என்று உண்டு. உங்களுக்குக் கீறல் வேண்டவே வேண்டாம். உலர் கப்பிங்கும் இதய மருத்துவர் சரி என்ற பிறகுதான். கழுத்து, இடுப்பு வலிக்குக் கொஞ்ச நாள் இதம் கிடைக்கலாம். எலும்புத் தேய்மானத்தை மாற்றாது.

அந்த "கெட்ட ரத்தம்" பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கப்புக்குள் கருஞ்சிவப்பாக, ஜெல்லி மாதிரி கட்டியைக் காட்டி "பாருங்க, எவ்வளவு கழிவு" என்பார்கள். வெளியே வந்த எந்த ரத்தமும் சில நிமிடத்தில் அப்படித்தான் உறையும். நல்ல ஆரோக்கியமான ஆளின் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் விட்டாலும் அதே ஜெல்லிதான். கழிவை வெளியேற்றக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன. இந்த ஒரு காட்சியை வைத்துத்தான் ஏழு தடவைக்குப் பணம் வாங்குகிறார்கள். 

தமிழ்நாட்டில் தனியார் மருத்துவ நிலையங்களை ஒழுங்குபடுத்த 1997-லேயே சட்டம் வந்தது. விதிகள் வந்தது 2018-ல். 21 வருடம்! இன்றும் இரண்டு நாள் பயிற்சிச் சான்றிதழைச் சுவரில் மாட்டிக்கொண்டு பிளேடு பிடிக்கிறார்கள். மண்டபத்துக்குள் போய்ப் பார்ப்பவர் யார்? அதனால் நீங்களே கேளுங்கள்: பி.யு.எம்.எஸ். (யுனானி), பி.எஸ்.எம்.எஸ். (சித்தா), பி.என்.ஒய்.எஸ். (இயற்கை மருத்துவம், யோகா) இதில் எது படித்தவர், பதிவு எண் என்ன? கீறல் செய்துகொள்ளும் மற்றவர்கள், புது பிளேடையும் புது கப்பையும் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லுங்கள். ஒருவருக்குப் போட்டதை அடுத்தவருக்குப் போட்டால் மஞ்சள் காமாலைக் கிருமி, எச்.ஐ.வி. வரைக்கும் தொற்றலாம்.

உங்கள் வலிக்கு முதலில் எலும்பு மருத்துவரையும் பிசியோதெரபிஸ்டையும் பாருங்கள். மெஷினில் குனிந்தே உட்காராமல் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். கால் மரத்துப்போனாலோ, பலம் குறைந்தாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

முன்பணம் கட்டினீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கட்டியிருந்தால் ரசீதோடு போய் இன்றே திருப்பிக் கேளுங்கள். தர மறுத்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம்.