பாவம் என்று யாரைச் சொல்கிறீர்கள்?

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது. எப்போதும் டேப்லெட்டில் கார்ட்டூன்தான். வாங்கி வைத்துவிட்டால் 'போரடிக்குது' என்று வீட்டைச் சுற்றிச் சுற்றி வருகிறான். பார்க்கவே பாவமாக இருக்கிறது, திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். திரை பார்த்தால் கற்பனை வளம் குறையும் என்கிறார்களே, உண்மையா? ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் பார்க்க விடலாம்?

பதில்: மணிக்கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது இது: இரண்டு வயது ஆகும்வரை திரை வேண்டாம். 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைத்தால் இன்னும் நல்லது. உங்கள் மகன் வயதுப் பிள்ளைகளுக்கு அடுத்த ஆண்டு சொன்னபோது, பொழுதுபோக்குத் திரை நேரத்தைக் குறையுங்கள் என்றதோடு சரி, மணிக்கணக்கு ஏதும் தரவில்லை.

எனக்கு உங்கள் கடிதத்தில் உறுத்துவது 'பாவமாக இருக்கிறது' என்ற வரிதான். எதற்குப் பாவம்? பசியா, காய்ச்சலா, அடி பட்டிருக்கிறதா? ஒன்றுமில்லை. செய்வதற்கு எதுவும் இல்லாமல் ஒரு குழந்தை வீட்டைச் சுற்றி வருகிறது, அவ்வளவுதான். அப்படிச் சுற்றிச் சுற்றித்தான் அது நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டுக் கப்பல் என்று சொல்லும் இடத்துக்கு வந்து சேரும். அது அங்கே போய்ச் சேருவதற்கு முன்பே நீங்கள் இரக்கப்பட்டுவிடுகிறீர்கள். போரடிப்பதைப் பெரியவர்கள் நோய் மாதிரி நடத்துவதை நான் இந்தப் பக்கத்தில் பல முறை கண்டித்திருக்கிறேன். இன்னும் கண்டிப்பேன்.

கற்பனை குறையுமா என்ற கேள்விக்கு ஒரு பழைய ஆய்வைச் சொல்கிறேன். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு சிற்றூர். பள்ளத்தாக்கில் இருந்ததால் 1973 வரை அங்கே டிவி எடுக்கவில்லை. டானிஸ் மெக்பெத் வில்லியம்ஸ் என்ற உளவியலாளரின் குழு, டிவி வருவதற்குச் சற்று முன்பு அந்த ஊர்க் குழந்தைகளைச் சோதித்தது. ஒரு பொருளைச் சொல்லி, இதை வைத்து என்னென்ன செய்யலாம் என்று கேட்கும் சோதனை அது. ஏற்கெனவே டிவி இருந்த இரண்டு ஊர்களின் குழந்தைகளைவிட இவர்கள் அதிக யோசனைகள் சொன்னார்கள். டிவி வந்து இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோது அந்த வித்தியாசம் இல்லை. எல்லாரும் ஒன்றுபோல் ஆகிவிட்டார்கள். ஓர் ஊரை வைத்து உலகத்துக்கே தீர்ப்புச் சொல்ல முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டிவி இல்லாத ஊரை இனி யார் எங்கே தேடுவது? அதனால்தான் அந்த ஆய்வை நான் விடுவதாக இல்லை.

அப்புறம், 1980களில் உளவியலாளர் பேட்ரிசியா கிரீன்ஃபீல்டும் அவருடன் இருந்தவர்களும் செய்த ஆய்வு. ஒரே கதையை ரேடியோவிலும் டிவியிலும் குழந்தைகளுக்குக் கொடுத்து, முடிவுக்கு முன்னால் நிறுத்தி, 'இனி நீ சொல்' என்றார்கள். காதால் கேட்டபோதுதான் குழந்தைகள் கதையில் இல்லாத புதிய ஆட்களையும் நிகழ்ச்சிகளையும் கூடுதலாகக் கொண்டுவந்தார்கள். இதில் எனக்கு வியப்பில்லை. 'ஒரு காட்டில் ஒரு சிங்கம்' என்று சொன்னால் கேட்கும் குழந்தைதான் அந்தச் சிங்கத்துக்குப் பிடரி வைக்க வேண்டும், பல் வைக்க வேண்டும், குரல் கொடுக்க வேண்டும். கார்ட்டூன் சிங்கம் எல்லாவற்றோடும் தயாராக வந்து நிற்கிறது. குழந்தைக்கு அங்கே வேலையே இல்லை. குழந்தைகளுக்கான வானொலி நாடகங்கள் மங்கிப்போனதை எல்லாரும் சாதாரணமாக எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அது பெரிய இழப்பு. வீட்டில் யாராவது படித்துக் காட்டுங்கள், படம் போட்ட புத்தகமாக இருந்தாலும் சரி. படம் அசையாமல் நிற்கிறதே, ஒரு பக்கத்துக்கும் அடுத்த பக்கத்துக்கும் நடுவே நடப்பதைக் குழந்தைதான் நிரப்பியாக வேண்டும்.

உடனே சிலர் 'எங்கள் பிள்ளை பார்ப்பது கல்வி வீடியோ' என்று எழுதுவார்கள். அவர்களோடு எனக்கு நெடுநாள் சண்டை. குழந்தைகள் மொழி கற்பதை ஆராயும் பேட்ரிசியா குல் 2003இல் வெளியிட்ட சோதனையில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளிடம் ஒருவர் நேரில் உட்கார்ந்து சீன மொழியில் பேசி விளையாடினார். அந்த மொழியின் ஒலிகளைக் குழந்தைகள் பிரித்தறியக் கற்றன. அதே ஆட்களை, அதே விளையாட்டை, டிவிடியில் காட்டினார்கள். ஒன்றும் ஏறவில்லை. உங்கள் மகன் கைக்குழந்தை இல்லைதான், ஆறு வயதில் நல்ல நிகழ்ச்சியிலிருந்து விஷயங்கள் கற்றுக்கொள்வான். அதற்காகக் 'கல்வி' என்று மேலே எழுதிவிட்டால் எத்தனை மணி நேரமும் கொடுக்கலாம் என்று வாதாடுவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பெரியவர்களுக்கும் ஒன்று இருக்கிறது. யாரும் பார்க்காமல் கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருக்கிறதா? அணைத்துவிடுங்கள். 2008இல் வந்த ஓர் ஆய்வில், ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைகள் பொம்மையோடு விளையாடும்போது பக்கத்தில் பெரியவர்களுக்கான நிகழ்ச்சி ஒன்றை ஓடவிட்டார்கள். குழந்தைகள் அதைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. ஆனாலும் ஒவ்வொரு விளையாட்டும் சீக்கிரம் அறுந்துபோனது.

வெளியூரில் இருப்பவர்களோடு வீடியோவில் பேசுவதையும், பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து பார்த்துவிட்டு அதைப் பற்றிப் பேசுவதையும் நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அவற்றில் மனிதர்கள் இருக்கிறார்கள். தானே அடுத்தடுத்து ஓடும் வீடியோதான் ஆபத்து. அது முடிவதே இல்லை. முதல் வேலையாக அந்தத் தானியங்கி வசதியை நிறுத்துங்கள். நேரத்தையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அடுத்த முறை 'போரடிக்குது' என்று வந்தால், 'சரி' என்று சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். டேப்லெட்டுக்குப் பதிலாக வேறு ஒரு வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடாதீர்கள். சில நாள் கத்துவான், அழுவான். கொடுத்துவிடாதீர்கள்.