எம்.எல்.ஏ. ஆக எந்தப் படிப்பும் கிடையாது

போன வாரம் ஒரு குடும்பம் வந்திருந்தது. மகள் பி.காம். கடைசி வருடம், எம்.எல்.ஏ. ஆக வேண்டுமாம், அப்பாவுக்குத் தூக்கம் போய்விட்டது. ஆறுதலாகத்தான் ஆரம்பித்தேன். பெரியப்பாவின் யோசனையைக் கேட்டதும் அதை நிறுத்திவிட்டேன்: முதலில் ஐ.ஏ.எஸ்., அப்புறம் அரசியல். கிடைக்காவிட்டால் தனியார் பல்கலைக்கழகத்தில் பொதுக் கொள்கை முதுகலை, அதற்கு நகைக்கடன்.

சார், சட்டமன்றத்துக்கு நிற்க 25 வயது ஆகியிருக்க வேண்டும், வாக்காளர் பட்டியலில் பேர் வேண்டும், பட்டம் எதுவும் கேட்பதில்லை. அரசு அதிகாரியோ கட்சியில் சேரக்கூட முடியாது, தேர்தலில் நிற்பதென்றால் வேலையை விட வேண்டும். அரசியல்தான் வேண்டும் என்பவளை அரசியலே கூடாத நாற்காலியில் உட்கார வைப்பது என்ன கணக்கு?

உங்கள் ஊராட்சியிலேயே ஒரு வழி இருக்கிறது: வார்டு மெம்பர். 21 வயது போதும். தமிழ்நாட்டில் கிராம ஊராட்சித் தேர்தல் கட்சிச் சின்னம் இல்லாமல் நடப்பதால் யார் காலிலும் விழுந்து சீட்டு வாங்க வேண்டாம். இடங்களில் பாதி பெண்களுக்கு. 2019 தேர்தலில் டெபாசிட் 200 ரூபாய்தான், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அதிலும் பாதி. ஜெயித்த மெம்பர்கள் தங்களுக்குள் ஒருவரைத் துணைத்தலைவராகத் தேர்ந்தெடுப்பார்கள், தலைவரோடு அவரும் கையெழுத்துப் போட்டால்தான் ஊராட்சி செக் செல்லும். பி.காம். படித்த பெண்ணுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எது? ஓ. பன்னீர்செல்வம்கூட 1996இல் பெரியகுளம் நகராட்சித் தலைவர், 2001இல்தான் எம்.எல்.ஏ.

ஊர் விஷயத்தில் இதுவரை ஏதாவது செய்திருக்கிறாயா என்று மகளிடம் கேட்டேன். போனை நீட்டினாள். மே 1 கிராம சபையில் குடிநீர்த் தொட்டி கழுவிய செலவைக் கேட்டிருக்கிறாள், தீர்மானப் பதிவேட்டின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்தும் வைத்திருக்கிறாள். இதைப் பார்த்த பிறகும் பெரியப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றால் எனக்குக் கோபம் வரும்.

பணத்தில் மட்டும் கறாராக இருங்கள். மெம்பர் பதவியில் வருமானம் என்று சொல்ல ஒன்றும் இல்லை, ஊராட்சி கான்ட்ராக்ட் எடுத்தால் பதவியே போய்விடும். அதனால் பக்கத்து டவுனில் ஆடிட்டர் ஆபீஸ் மாதிரி ஒரு வேலை அவளுக்குக் கட்டாயம் வேண்டும். தேர்தலுக்காகக் காணியை விற்கிறேன், வட்டிக்கு வாங்குகிறேன் என்று யாராவது கிளம்பினால் அன்றைக்கே நிறுத்துங்கள். வேலைக்காக வெளியூர் ஹாஸ்டலுக்கே போனாலும் வாக்காளர் பட்டியலில் இருக்கும் பேரை மட்டும் ஊரிலிருந்து மாற்றிவிடாதீர்கள், அந்தப் பட்டியலில் பேர் இல்லை என்றால் மனுவே தள்ளுபடி.