குவான்சோவில் ஒரு பகல்: பெரிய மண்டபத்தின் பின்பக்கம் போக மறக்காதீர்கள்

கேள்வி: வேலை விஷயமாகச் சீனாவின் சியாமென் நகருக்குப் போகிறேன். ஒரு நாள் ஓய்வு கிடைக்கும். அருகிலுள்ள குவான்சோவில் பழைய தமிழ் வணிகர்களின் கோயில் எச்சங்கள் இருக்கின்றனவாமே? நடந்தே பார்க்க முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். சியாமெனிலிருந்து அதிவேக ரயிலில் ஏறக்குறைய அரை மணி நேரம்தான். டிக்கெட் எடுக்கும்போது மட்டும் கவனம்: குவாங்சோ என்பது தொலைவிலுள்ள வேறு பெருநகரம். திங்கட்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், அன்று இங்குள்ள கடல்வழி அருங்காட்சியகம் மூடியிருக்கும். பாஸ்போர்ட் கையிலேயே இருக்கட்டும்.

மேற்குத் தெருவிலுள்ள கையுவான் கோயிலில் தொடங்குங்கள். கி.பி. 686-இல் தோன்றிய புத்த ஆலயம் இது. வருகிறவர்களில் பெரும்பாலோர் இரட்டைக் கல் கோபுரங்களைப் படமெடுத்துக்கொண்டு, புத்தரை வணங்கிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் பெரிய மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு பின் தாழ்வாரத்துக்குப் போங்கள். அங்கே இரண்டு தூண்கள் மற்றவற்றோடு ஒட்டாமல் தனித்துத் தெரியும். பட்டை பட்டையாகச் செதுக்கிய அவற்றின் வட்டச் சிற்பங்களை நிதானமாகப் பாருங்கள்: இரணியனைக் கிழிக்கும் நரசிம்மர், மருத மரங்களுக்கு நடுவே உரலை இழுக்கும் கண்ணன், முதலையிடம் சிக்கிய யானை. நம் ஊர்க் கோயில் தூணில் பார்த்துப் பழகிய அதே காட்சிகள்! இடிந்துபோன இந்துக் கோயிலின் கற்களை மிங் அரச வம்சக் காலத் திருப்பணியில் எடுத்துப் பொருத்தினார்கள் என்பது ஆய்வாளர் கருத்து. மண்டபத்தின் முன்மேடை அடித்தளத்திலும் மனித முகச் சிங்கங்கள் வரிசையாக இருக்கின்றன. குனிந்து பார்க்க வேண்டும். இந்தக் கோயிலுக்கு மட்டும் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

இந்தக் கற்களுக்குப் பின்னணியாக ஒரு கல்வெட்டும் உண்டு. 1281-ஆம் ஆண்டு சித்திரையில், அன்று சீனாவை ஆண்ட மங்கோலியப் பேரரசர் குப்லாய் கானின் உடல்நலம் வேண்டி, சம்பந்தப் பெருமாள் என்பவர் இந்நகரில் சிவனை எழுந்தருளச் செய்ததை அது தமிழில் சொல்கிறது. கீழே சீன எழுத்தும் இருக்கிறது.

அங்கிருந்து பழைய கடைத்தெருக்கள் வழியாக அரை மணி நேரம் நடந்தால் 1009-இல் எழுந்த சிங்ஜிங் பள்ளிவாசல். கூரையிழந்த தொழுகைக்கூடத்தின் கற்சுவர்கள் இன்றும் நிற்கின்றன. அதை ஒட்டியே, சீனர்கள் தெய்வமாக வணங்கும் பழைய போர்த்தளபதி குவான் யூவின் கோயில், எப்போதும் ஊதுபத்திப் புகை.

பிறகு டாக்ஸி பிடித்துக் கடல்வழி அருங்காட்சியகத்துக்குப் போங்கள். நகரத்தில் கிடைத்த மற்ற இந்துச் சிற்பங்கள் அங்கேதான் இருக்கின்றன. லிங்கத்தை வழிபடும் யானையைத் தேடிப் பாருங்கள். திருவானைக்காவல் தலபுராணம் தெரிந்தவர்களுக்கு விளக்கமே தேவையில்லை.

நேரம் மிஞ்சினால் ஊருக்கு வடகிழக்கே லுவோயாங் பாலம். 1053-இலிருந்து 1059 வரை கட்டப்பட்டது. அடித்தளக் கற்களைப் பிணைக்கச் சிப்பிகளை வளர்த்தார்கள் என்பதுதான் இதன் சிறப்பு. கடல் வற்றியிருக்கும் நேரத்தில்தான் படகு வடிவக் கால்கள் முழுதாகத் தெரியும். அன்று கடல் ஏறி வற்றும் நேரத்தை விடுதியில் விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். வற்றும் நேரம் காலையில் அமைந்தால் பாலத்தை முதலில் பார்த்துவிட்டு, கையுவானைப் பிற்பகலுக்கு மாற்றிக்கொள்ளலாம்.