கால் நகம் சதைக்குள் குத்துகிறதா? கேளுங்கள், சொல்கிறேன்

அறுவை சிகிச்சை வெளிநோயாளர் பிரிவில் 14 வருடமாகச் செவிலியராக இருக்கிறேன். பெருவிரல் நகம் சதைக்குள் இறங்கி, நொண்டியபடி யாராவது வந்து நிற்காத வாரமே கிடையாது. வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சிஸ்டர், ஒரு வாரமாகப் பெருவிரல் ஓரத்தில் போர்வை பட்டாலே உயிர் போகிறது. அம்மா நகச்சுத்தி என்று சொல்லி எலுமிச்சம்பழம் சொருகச் சொல்கிறார். செய்யலாமா?

வேண்டாம்மா. நகச்சுத்தி என்பது நகத்தைச் சுற்றியுள்ள தோலில் கிருமி புகுந்து வீங்குவது, பெரும்பாலும் கைவிரலில் வரும். உங்களுக்குக் கால் பெருவிரலில், ஒரே பக்கத்தில், நுனி ஓரத்தை அழுத்தினால் சுரீர் என்று வலிக்கிறது என்றால் நகத்தின் விளிம்பே சதையைக் குத்துகிறது என்றுதான் நினைக்கிறேன். முதலில் சிவந்து வீங்கும், அப்புறம் சீழ் வைக்கும், அதையும் விட்டுவிட்டால் நகத்தின் மேல் சிவப்பாக ஒரு சதை வளர்ந்து, தொட்டாலே ரத்தம் வரும். எலுமிச்சை புண்ணை எரிக்குமே தவிர, குத்திக்கொண்டிருக்கும் நகத்தை ஒரு இழைகூட நகர்த்தாது. மஞ்சளோடு சுண்ணாம்பு குழைத்துப் போடுவதும் வேண்டாம், தோல் வெந்துவிடும்.

எனக்கு ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? ஓரத்தைச் சுத்தமாகத்தான் வெட்டி எடுக்கிறேன்.

அந்த "சுத்தமாக"தான் காரணம் தம்பி. வலிக்கிற மூலையை நகவெட்டியாலோ பிளேடாலோ உள்ளே விட்டுத் தோண்டி எடுத்ததும் வலி சட்டென்று குறைகிறது, வைத்தியம் முடிந்தது என்று நாமும் நினைத்துவிடுகிறோம், ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் ஊசி மாதிரி ஒரு சிலாம்பு நின்றுவிடுகிறது, மேலே நகம் இல்லாததால் பக்கத்துச் சதையும் எழும்பி வழியை மூடுகிறது, நகம் வளர்ந்து வரும்போது அந்தச் சிலாம்பு நேராகச் சதைக்குள்ளேயே போகிறது. அப்புறம் மறுபடி தோண்டுகிறோம், இன்னும் ஆழமாக! வருடக்கணக்கில் இப்படியே ஓட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன், மனது கேட்காது. கால் நகத்தைக் குறுக்காக, நேராக வெட்டுங்கள். மூலை, சதைக்கு மேலே கண்ணுக்குத் தெரியும்படி வெளியே இருக்க வேண்டும், கூர் இருந்தால் லேசாக அரம் வைத்துத் தேய்த்தால் போதும். நடுவில் 'V' மாதிரி வெட்டினால் ஓரம் உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பதை நம்பாதீர்கள். நகம் அடியிலிருந்துதான் வளர்கிறது, நுனியில் என்ன வெட்டினாலும் அதற்குத் தெரியாது.

இறுக்கமான ஷூ, பந்து விளையாடும்போது படுகிற அடி, ஈரமாகவே இருக்கிற சாக்ஸ், பிறவியிலேயே வளைந்த நகம், இவையும் காரணம்தான்.

சீழ் இல்லை, லேசான வீக்கம்தான். வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாமா?

சர்க்கரை நோயோ காலில் ரத்த ஓட்டக் குறைவோ இல்லை என்றால் பார்க்கலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் 10 முதல் 15 நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை காலை வையுங்கள். தோல் ஊறி இளகியதும் அந்தப் பக்கச் சதையை நகத்திலிருந்து விலக்கி மெதுவாகத் தள்ளிவிடுங்கள், ஈரத்தை நன்றாக ஒற்றுங்கள். முடிந்தால் பஞ்சை மெல்லிய திரியாக உருட்டி நக மூலைக்கு அடியில் வையுங்கள், தினமும் மாற்ற வேண்டும். வலித்தால் திணிக்காதீர்கள். மெடிக்கலில் கிடைக்கும் டேப்பைச் சதை ஓரத்தில் ஒட்டி, நகத்தை விட்டு விலகும்படி கீழ்ப்பக்கமாக இழுத்து விரலைச் சுற்றி ஒட்டுவதும் நல்ல வழி. வெளியே போகும்போது முன்பக்கம் திறந்த செருப்பு போடுங்கள். சில நாளில் குறையவில்லை, சீழ் வந்துவிட்டது என்றால் டாக்டரிடம் போய்விடுங்கள்.

மூன்று முறை ஆன்டிபயாடிக் சாப்பிட்டேன். ஒருமுறை நகத்தையே பிடுங்கினார்கள், வளர்ந்ததும் மறுபடி வந்துவிட்டது.

முள் குத்திய காலுக்கு முள்ளை எடுக்காமல் மாத்திரை சாப்பிட்ட கதைதான். முழு நகத்தைப் பிடுங்கினாலும் வேர் அப்படியே இருப்பதால் பலருக்குத் திரும்ப வந்துவிடும். ஓரத்தில் மட்டும் ஒரு கீற்றை எடுத்துவிட்டு, அந்த ஓரம் மறுபடி வளராதபடி அந்த இடத்து வேரில் ஃபீனால் மருந்து வைப்பார்களா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். விரல் மரத்துப்போக ஊசி போடுவார்கள், அந்த ஊசி வலிக்கும், பொய் சொல்ல மாட்டேன். மரத்த பிறகு, நகத்தை எடுக்கும்போது வலி இருக்காது. அன்றே வீட்டுக்குப் போகலாம். ஃபீனால் வைத்த இடம் இரண்டு முதல் நான்கு வாரம் வரை கசியும், பயப்பட வேண்டாம். நகம் கொஞ்சம் ஒடுங்கித் தெரியும், அவ்வளவுதான்.

அப்பாவுக்குச் சர்க்கரை. விரல் சிவந்து கசிகிறது, ஆனால் வலியே இல்லை என்கிறார். வெந்நீர் வைக்கவா?

கூடாது. வலி இல்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது, நரம்பு மரத்துப்போயிருக்கலாம், அப்படி இருந்தால் வெந்நீர் சுட்டாலும் அவருக்குத் தெரியாது. பஞ்சு, டேப் எதுவும் வேண்டாம். இன்றைக்கே கூட்டிப் போங்கள். சிவப்பு பாதத்தில் ஏறினாலோ, காய்ச்சல் வந்தாலோ, விரல் கறுத்தாலோ ராத்திரி என்று பார்க்காமல் கிளம்புங்கள்.

பள்ளிக்கூட ஷூ எப்படி வாங்குவது?

சாயங்காலம் போங்கள், கால் அப்போது சற்று வீங்கியிருக்கும். பிள்ளையை நிற்க வைத்து, முன்னால் உங்கள் கைக் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். வளரும் பிள்ளைதானே என்று ரொம்பப் பெரிதாகவும் வேண்டாம், கால் முன்னே சறுக்கி இடிக்கும்.

வலி குறைந்ததும் அந்த மூலையை மட்டும் கொஞ்சம் வெட்டிக்கொள்ளலாமா சிஸ்டர்?

கை துறுதுறுக்கும், தெரியும். வெட்டாதீர்கள். பெருவிரல் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர்தான் வளரும், அந்த மூலை சதையைத் தாண்டி வெளியே வர இரண்டு மூன்று மாதம்கூட ஆகலாம். அதுவரை நகவெட்டியை வேறு விரல்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.