தோல் கிழிந்தால் பரவும் பீதி: வாசகர் கேள்விகள்

என் தொட்டியில் ஜீப்ரா டேனியோ மீன் ஒன்று வலையில் சிக்கி அடிபட்டது. மற்றவையெல்லாம் நெருக்கியடித்துத் தரையோடு ஒட்டிக்கொண்டன. நோயா?

இல்லை. கிழிந்த தோலில் இருக்கும் 'கிளப் செல்கள்' என்ற தனிவகைச் செல்கள் உடைந்து, உள்ளிருந்தது நீரில் கலந்திருக்கிறது. மற்றவை அதை மோப்பம் பிடித்துவிட்டன. விளக்கை அணைத்து, கொஞ்சம் தண்ணீர் மாற்றுங்கள். முரட்டு வலை வேண்டாம் என்று எத்தனை முறைதான் சொல்வது?

என் மீன்கள் பயந்தே இருக்கின்றன. காரணம்?

என்ன மீன்? எத்தனை லிட்டர் தொட்டி? ஒரு வரியில் கேட்டால் நான் ஜோசியமா பார்ப்பது? முதலில் தண்ணீரில் மீன் கழிவால் சேரும் அமோனியா எவ்வளவு என்று பாருங்கள்.

அடிபட்ட மீன் தன் கூட்டத்தைக் காப்பாற்ற எச்சரிக்கை விடுகிறதாமே! எவ்வளவு பெரிய தியாகம்!

இந்தத் தியாகக் கதை மாதம் தவறாமல் வந்துவிடுகிறது. 1938-ல் விலங்கு நடத்தை ஆய்வாளர் கார்ல் ஃபான் ஃபிரிஷ், அடையாளத்துக்காக மின்னோ என்ற சின்னக் கெண்டை வகை மீன் ஒன்றின் வால் பக்கம் சின்னதாக வெட்டிவிட்டார். அது கூட்டத்துக்குத் திரும்பியதும் மற்றவை மிரண்டன. காயப்பட்ட மீன் எதையும் 'விடவில்லை'. கிளப் செல்லுக்கு வெளியே திறக்கும் வாயே கிடையாது. தோல் கிழிந்தால்தான் உள்ளிருப்பது கசியும். அப்படியானால் அந்தச் செல் எதற்கு? ஒட்டுண்ணி, புற ஊதா ஒளி போன்றவற்றிலிருந்து தோலைக் காக்க என்பது ஒரு விளக்கம். எனக்கு அதுதான் பொருத்தமாகப் படுகிறது. ஃபேட்ஹெட் மின்னோ ஆணைப் பாருங்கள்: இனப்பெருக்கக் காலத்தில் முதுகைக் கூட்டில் தேய்த்துத் தோலைச் சிராய்த்துக்கொள்ளும். அந்தச் சமயத்தில் அதன் கிளப் செல்கள் மறைந்துவிடுகின்றன. இருந்தால் தேடி வரும் பெண் மீனையே விரட்டிவிடுமே! இதில் தியாகம் எங்கே வந்தது? லாபம் மோப்பம் பிடித்தவனுக்கு, அவ்வளவுதான்.

மற்ற மீன்களை மிரட்டும் அது எந்த வேதிப்பொருள்?

ஹைப்போசாந்தின்-3-என்-ஆக்சைடு என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள். 2012-ல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் ஜீப்ரா டேனியோவில் காண்ட்ராய்டின் என்ற சர்க்கரைச் சங்கிலியின் துண்டுகளைக் காட்டினார்கள். ஒற்றைப் பொருளைத் தேடாதீர்கள்.

கப்பி மீனுக்கும் இந்த மிரட்சி உண்டா?

இந்த மிரட்சிக்குப் பேர்போன கெண்டை, கெளுத்தி, டெட்ரா வகையறாவில் கப்பி சேராது. ஆனாலும் காயப்பட்ட கப்பித் தோலின் வாடைக்கு ட்ரினிடாட் ஓடைக் கப்பிகள் மிரள்கின்றன.

முன்பின் பார்க்காத வேட்டை மீனை எப்படி அறிகின்றன?

அதன் வாடையும் காயத்தோல் வாடையும் ஒருமுறை சேர்ந்து வந்தால் போதும். அடுத்த முறை வேட்டை மீனின் வாடை மட்டுமே மிரட்டும்.

நாட்டு வாதுமை இலை போட்டு பிஎச் 6-க்கு இறக்கினேன். இப்போது எதற்கும் மிரள்வதில்லை. பழகிவிட்டனவா?

பழக்கமாக இருக்காது. அமில நீரில் அந்த வாடை சிதைந்து செயலிழக்கும். அமோனியாவையும் பாருங்கள்.