நோயெதிர்ப்பு மரபியல் படிக்க விரும்பும் மகள்: ஒரு தாய்க்கு மறுமொழி

மதிப்பிற்குரிய அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பள்ளி இறுதி ஆண்டில் இருக்கும் உங்கள் மகள், மருத்துவத்தில் சேரும் அளவுக்கு மதிப்பெண் பெறக்கூடியவளாக இருந்தும், நோயெதிர்ப்பு மரபியலில் (நம் நோயெதிர்ப்பில் மரபணுக்களின் பங்கை ஆராயும் துறை) ஆராய்ச்சி செய்யப்போவதாகச் சொல்கிறாள் என்றும், அப்படி ஒரு வேலை இருக்கிறதா என்பதே உங்களுக்குத் தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தம்பிக்கு முதுகெலும்பு இறுகும் நோய் வந்தபோது மருத்துவர் எழுதிக்கொடுத்த 'எச்.எல்.ஏ. பி27' என்னும் ரத்தப் பரிசோதனையிலிருந்துதான் அவளுடைய ஆர்வம் தொடங்கியது என்பதையும் கவனித்தேன். வேலை கிடைக்குமா என்ற உங்கள் கேள்விக்குக் கட்டாயம் வருகிறேன். அதற்கு முன் அந்தப் பரிசோதனையைப் பற்றியே கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் இந்தத் துறை அவளுக்கு ஒத்துவருமா என்பதை அதை வைத்தே பார்த்துவிடலாம்.

நம் உடலில் உட்கரு உள்ள செல்கள் ஏறக்குறைய எல்லாமே, தமக்குள் இருக்கும் புரதங்களின் சிறு துண்டுகளைத் தம் மேற்பரப்பில் ஏந்திக் காட்டிக்கொண்டே இருக்கின்றன. நோயெதிர்ப்பு அணுக்களில் ஒருவகையான டி செல்கள் அந்தத் துண்டுகளைச் சோதித்து, கிருமியின் துண்டு தென்பட்டால் அந்தச் செல்லைத் தாக்குகின்றன. துண்டை ஏந்தும் தட்டைப் போன்ற புரதத்தை உருவாக்குபவையே எச்.எல்.ஏ. மரபணுக்கள். அவை ஆறாவது குரோமோசோமில் நெருக்கமாக அமைந்துள்ளன, மனிதருக்கு மனிதர் பெரிதும் வேறுபடுகின்றன. ஒருவரின் உறுப்பை இன்னொருவர் உடல் மறுப்பதற்கு இந்த வேறுபாடே முதன்மையான காரணம். 1958-இல் ழான் தோசே இவற்றுள் முதலாவதை அடையாளம் கண்டார், 1980-இல் ஜார்ஜ் ஸ்னெல், பாருக் பெனசெராஃப் ஆகியோருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

முதுகெலும்பு இறுகும் நோய் உள்ளவர்களில் சுமார் 90 விழுக்காட்டினரிடம் பி27 என்னும் எச்.எல்.ஏ. மரபணு வகை இருப்பதை 1973-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாக வெளியிட்டன. அவ்வளவு வலுவான தொடர்பு மிக அரிது. ஆனால் பி27 உள்ளவர்களைத் திரட்டிப் பார்த்தால், அவர்களில் நூற்றுக்குச் சிலருக்கு மட்டுமே அந்த நோய் வருகிறது, மற்றவர்கள் அதை அறியாமலே வாழ்ந்து முடிக்கிறார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், அந்த மரபணு நோயை எப்படித் தூண்டுகிறது என்பதற்கு எல்லோரும் ஏற்கும் விளக்கம் இன்னும் இல்லை. (உங்கள் கடிதத்தில் வெளிப்படையாக எழுதாத அச்சம் ஒன்று வரிகளுக்கு இடையில் தெரிந்தது. தம்பியின் பரிசோதனை முடிவு உங்கள் மகளுக்கு நோய் வரும் என்று சொல்லவில்லை. மேற்கொண்டு ஐயம் இருந்தால் மூட்டு மருத்துவரிடம் கேளுங்கள், அதை நான் சொல்வது முறையாகாது.)

உங்கள் மகளிடம் கொடுத்துப் பார்க்க ஒரு கணக்கு சொல்கிறேன். வலிப்பு நோய்க்குத் தரப்படும் கார்பமாசெபின் என்ற மருந்து, மிகச் சிலருக்கு மட்டும் தோலை உரித்து உயிரையே பறிக்கக்கூடிய ஒவ்வாமையை உண்டாக்கும். 2004-இல் தைவானிலிருந்து வெளியான ஆய்வில், அந்த ஒவ்வாமைக்கு ஆளான ஹான் சீன இனத்தவர் 44 பேரிடமும், ஒருவர் விடாமல், எச்.எல்.ஏ. பி*15:02 என்ற வகை இருந்தது. அதே மருந்தை எந்தத் தொல்லையும் இன்றி எடுத்துக்கொண்ட 101 பேரில் மூவரிடமும் அது இருந்தது. இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்து, அந்த வகை உள்ள ஒருவர் மருந்தை எடுத்தால் ஒவ்வாமை வரும் வாய்ப்பு எவ்வளவு என்று சொல்ல முடியுமா என்று அவளைக் கேளுங்கள். நோயுற்ற எல்லோரிடமும் ஒரு மரபணு இருப்பதும், அந்த மரபணு உள்ள எல்லோருக்கும் நோய் வருவதும் வேறு வேறு என்பதை அவளே கண்டுபிடித்து, விடை சொல்ல இன்னும் எந்த எண் தேவை என்று யோசிக்கத் தொடங்கினால், எனக்கு அதுவே நல்ல அறிகுறி. உறுதியான பதில் கிடைக்காததில் அவள் சலித்துப்போனால் அதில் தவறு எதுவும் இல்லை, ஆனால் இந்தத் துறையில் அவளுடைய நாட்கள் பெரும்பாலும் அந்தச் சலிப்பிலேயே கழியும் என்பதை இப்போதே சொல்லிவிட வேண்டும்.

இந்தப் பொறுமைக்குப் பயன் கிடைத்த இடங்களும் உண்டு. எச்.ஐ.வி. நோய்க்கான அபாகாவிர் என்ற மருந்து சிலருக்குக் கடும் ஒவ்வாமை தந்துவந்தது. எச்.எல்.ஏ. பி*57:01 வகை உள்ளவர்களுக்கே அது மிக அதிகமாக நேர்கிறது என்பது 2002-இல் தெரியவந்தது. முன்கூட்டியே மரபணுவைச் சோதித்து, அந்த வகை உள்ளவர்களுக்கு மருந்தைத் தவிர்த்த குழுவில், உறுதிப்படுத்தப்பட்ட ஒவ்வாமை ஒருவருக்குக்கூட வரவில்லை என்று 2008-இல் வெளியான பெரிய மருத்துவச் சோதனை காட்டியது. இன்று அந்த மருந்தைத் தொடங்கும் முன் இப்பரிசோதனை செய்வது நடைமுறையாகிவிட்டது. ஆய்வக மேசையிலிருந்து நோயாளியின் படுக்கை வரை ஆறே ஆண்டுகளில் ஒரு கண்டுபிடிப்பு வந்து சேர்ந்தது இத்துறையில் அரிய வேகம், எல்லா ஆய்வும் இப்படி அமையும் என்று அவள் எதிர்பார்க்கக் கூடாது.

நான் மாணவர்களிடம் அதிகம் சொல்வது மேரி பிரன்கோ, பிரெட் ராம்ஸ்டெல் ஆகிய இருவரின் கதையை. பிறந்த சில வாரங்களிலேயே தன் நோயெதிர்ப்பு அணுக்களாலேயே தாக்கப்பட்டு இறக்கும் ஒருவகை எலிகளில், எந்த மரபணு பழுதாகியிருக்கிறது என்று அவர்கள் தேடினார்கள். எக்ஸ் குரோமோசோமில் பரப்பைப் படிப்படியாகச் சுருக்கி இருபது மரபணுக்களுக்கு வந்து, ஒவ்வொன்றாகச் சோதித்தபோது, இருபதாவதாக, கடைசியாக எடுத்ததில்தான் பிழை கிடைத்தது. 2001-இல் வெளியான அந்த மரபணுவின் பெயர் ஃபாக்ஸ்பி3. அதே மரபணு பழுதானால் ஆண் குழந்தைகளுக்கு வரும் கொடிய தன்னெதிர்ப்பு நோயும் அப்போது விளங்கியது. நோயெதிர்ப்பைக் கட்டுக்குள் வைக்கும் டி செல்களை 1995-இல் அடையாளம் கண்டிருந்த ஷிமோன் சகாகுச்சியுடன் சேர்ந்து இருவரும் 2025-இல் நோபல் பரிசு பெற்றார்கள். உங்கள் கேள்வியோடு தொடர்புடைய செய்தி ஒன்று இதில் உண்டு. அந்தத் தேடல் நடந்தது பல்கலைக்கழகத்தில் அன்று, ஓர் உயிரித் தொழில்நுட்ப நிறுவனத்தில். பிரன்கோ பேராசிரியராகவும் இல்லை, ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் திட்ட மேலாளராகப் பணியாற்றிவந்த நிலையில்தான் பரிசு அவரைத் தேடி வந்தது.

இனி வேலையைப் பற்றி. முனைவர் பட்டம் பெறுவோரின் எண்ணிக்கையைவிடப் பல்கலைக்கழகங்களில் நிலையான ஆசிரியப் பணியிடங்கள் மிகக் குறைவு, உலகில் எங்கு பார்த்தாலும் இதுதான் நிலை. இளங்கலை, முதுகலை, முனைவர் பட்டம், அதற்குப் பின் சில ஆண்டுகள் ஒப்பந்த அடிப்படையிலான முதுமுனைவர் ஆய்வு என்று கணக்கிட்டால், முப்பது வயதைத் தாண்டியே வாழ்க்கை ஓரளவு நிலைபெறும். ஆகவே உங்கள் கவலை நியாயமானது, அதைப் பழைய தலைமுறையின் அச்சம் என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். இருந்தாலும் பேராசிரியர் பதவி ஒன்றையே இலக்காக வைத்தால்தான் வழி குறுகும். உறுப்பு மாற்றுச் சிகிச்சையும் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையும் செய்யும் மருத்துவமனைகளுக்குத் திசுப் பொருத்தம் பார்க்கும் ஆய்வகங்கள் தேவை, அங்கே எச்.எல்.ஏ. படித்தவர்களே வேலை பார்க்கிறார்கள். மரபணுப் பரிசோதனை ஆய்வகங்கள், தடுப்பூசி மற்றும் மருந்து நிறுவனங்கள், மரபியல் ஆலோசகர் பணி ஆகியவையும் உண்டு. இவற்றுள் ஆள் கிடைக்காமல் தவிக்கும் இடம், என் அனுபவத்தில், உயிரியலும் தெரிந்து தரவுகளையும் கையாளத் தெரிந்தவருக்கான இடம்தான். ஆயிரக்கணக்கானோரின் மரபணுத் தொடர்களை ஒப்பிடுவதே இன்று இத்துறையின் அன்றாட வேலை என்பதால், புள்ளியியலும் நிரல் எழுதுவதும் தெரியாமல் உள்ளே நுழைவது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதற்கு ஒப்பாகும்.

எனவே, 'கணக்கை விட்டுவிடுகிறேன், உயிரியல் மட்டும் போதும்' என்று அவள் சொல்வதாக நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் நான் ஏற்கவில்லை. இளங்கலையில் நோயெதிர்ப்பியல் என்று பெயர் தாங்கிய படிப்பைத் தேடி அலைய வேண்டாம், உயிரியலோடு கணிதமும் புள்ளியியலும் ஒழுங்காகக் கற்பிக்கும் அகலமான பட்டப்படிப்பே நல்லது, சிறப்புத் துறைக்கு முதுகலையில் காலம் இருக்கிறது. மருத்துவத்தில் சேர்வதாலும் இந்தக் கதவு மூடிவிடாது, மருத்துவம் முடித்து ஆய்வுக்கு வந்தவர்கள் இத்துறையில் ஏராளம். நோயாளிகளோடு நாள் முழுதும் இருக்க அவளுக்கு விருப்பம் உண்டா என்பதைக் கேட்டு முடிவெடுங்கள். பின்னாளில் முனைவர் பட்டத்துக்கு இடம் தேடும்போது, உதவித்தொகை இல்லாத இடத்தில் சேர வேண்டாம் என்பதையும், சேரும் முன் அந்த ஆய்வகத்தில் படித்து வெளியேறிய மாணவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரிக்க வேண்டும் என்பதையும் இப்போதே குறித்துவைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அடுத்த சந்திப்புக்கு அவளுடைய மதிப்பெண் பட்டியலைக் கொண்டுவர வேண்டியதில்லை. அந்த 44 பேர், 101 பேர் கணக்கை யாருடைய உதவியும் இன்றி யோசித்து, ஒரு பக்கத்துக்கு மிகாமல் தன் கையால் எழுதிக் கொண்டுவரச் சொல்லுங்கள்.