தாத்தா பெட்டியில் ஜெர்மன் ஊர் ஒன்றின் 50 ஃபெனிக் (நம் பைசா மாதிரி அந்த ஊர்ச் சில்லறை) தாள் கிடைத்தது. விற்றால் எவ்வளவு வரும்?

யூட்யூப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். லட்சக் கணக்கெல்லாம் போடாதீர்கள். நானும் ஏமாந்தவன்தான்.

ஏழெட்டு வருடம் முன்பு ஒரு நாணயக் கண்காட்சியில் ஹாமெலின் ஊர்த் தாள் ஒன்று கண்ணில் பட்டது. அதுவும் 50 ஃபெனிக்தான். தாளில் அந்த ஊர்க் கதையில் வரும் குழல் ஊதுகிறவன், பின்னாலேயே எலிகள். "நூறு வருஷம் பழசு சார், உலகத்துலயே நாலஞ்சுதான் இருக்கும்" என்றார் கடைக்காரர். 2,500 ரூபாய் கொடுத்தேன். (வீட்டில் 300 என்று சொல்லியிருக்கிறேன்.) ஒரு மடிப்புகூட இல்லை, அப்படியொரு மொடமொடப்பு. சந்தையில் கைமாறிய தாள் அப்படியா இருக்கும்? அங்கேயே யோசித்திருக்க வேண்டும்.

1914ல் போர் வந்ததும் ஜெர்மனியில் ஜனங்கள் நாணயங்களைப் பதுக்கினார்கள். அப்புறம் செம்பும் நிக்கலும் ஆயுதத்துக்குப் போயின. சில்லறை இல்லாமல் கடை ஓடாது என்பதால் நகராட்சி, சேமிப்பு வங்கி, ஆலை என்று ஆளாளுக்கு நோட்கெல்ட், அதாவது அவசரத்துக்கான மாற்றுப் பணத் தாள் அடித்தார்கள். அந்தந்த ஊரில்தான் செல்லும், கெடு தேதிக்குள் மாற்றிக்கொள்ள வேண்டும். அழகாக இருக்கிறதே என்று யாராவது எடுத்து வைத்துக்கொண்டால் ஊருக்கு லாபம். மாற்ற வராத தாள் சும்மா வந்த காசு அல்லவா! 1921 வாக்கில் சேகரிப்பாளர்களின் ஆல்பத்துக்கென்றே கலர் கலராக, செட் செட்டாக அடித்துத் தள்ளினார்கள். பீலஃபெல்டில் பட்டுத் துணியிலேயே அச்சிட்டார்கள். 1922ல் அரசு தடை போட்டது. என் எலித் தாளும் இந்த ஆல்பம் ரகம்தான். ஜெர்மனியில் இருக்கும் நண்பன், "ஒரு காபி காசுக்கு நானே வாங்கி அனுப்பியிருப்பேனே" என்று சிரித்தான்.

சேகரிப்பாளர்கள் சண்டைக்கு வர வேண்டாம். 1914ல் அவசரத்துக்கு டைப் அடித்து, முத்திரை குத்திய தாள்கள் வேறு, அவற்றுக்கு மதிப்பு உண்டு. உங்களுடையதில் படமே இல்லாமல் முத்திரையும் கையெழுத்தும் மட்டும் இருந்தால் விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

சும்மா வந்த காசு என்றேனே, நம் பஸ்ஸிலும் இதே கதைதான். போன மாதம் கண்டக்டர் டிக்கெட்டின் பின்னால் 'மீதி 7' என்று கிறுக்கிக் கொடுத்தார். கூட்டத்தில் மறந்து இறங்கிவிட்டேன். அதன் கெடு என் ஸ்டாப் வரைக்கும்தான் போல. மருந்துக்கடையிலோ 2 ரூபாய்க்கு மிட்டாய். சேர்த்து வைத்த ஐந்து மிட்டாயை அடுத்த முறை கல்லாவில் வைத்து, 10 ரூபாய் கழித்துக்கொள்ளச் சொன்னேன். மேலும் கீழும் பார்த்தார்கள்.